டோக்கியோவுக்குக் குடிவருகிறவர்களுக்கு: முகவரி, போன், வங்கி, அப்புறம் குப்பை

ஊரில் புது வீட்டுக்குப் போனால் முதல் வேலையாகப் பால் காய்ச்சுவோம். டோக்கியோவில் சாவி வாங்கிய அன்று அதற்கு வழியில்லை. வாடகை வீட்டில் பெரும்பாலும் அடுப்பு இருக்காது. திரைச்சீலை இருக்காது. விளக்குகூட இருக்காது, கூரையில் விளக்கு மாட்டுவதற்கான ஒரு வெள்ளைக் கொக்கி மட்டும் இருக்கும். முதல் இரவை நான் கைப்பேசி டார்ச் வெளிச்சத்தில், கடையில் வாங்கிய ரொட்டியோடு கழித்தேன். எரிவாயுக்காரர் வர இரண்டு நாள் ஆனது.

இங்கே வேலைகள் ஒன்றில் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். வங்கியில் போன் நம்பர் கேட்பார்கள். போன் கடையில் முகவரி கேட்பார்கள். வீட்டுத் தரகர் போன் நம்பரையும் வங்கிக் கணக்கையும் சேர்த்துக் கேட்பார். எந்த முனையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலருக்கு முதல் மாதம் வீணாகிறது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது எடோகாவா வார்டில், நிஷி கசாய் பக்கம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறத் தொடங்கிய இடம் இது. டோஸாய் ரயிலில் ஏறினால் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த ஓதேமாச்சிக்கு நேராகப் போய்விடலாம் என்பதும் ஒரு காரணம். வேறு வார்டில் இருந்தாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

விமானம் ஏறும் முன்

அம்மா கட்டிக்கொடுக்கும் பையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய் போல இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை, மாங்காய் போன்ற பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சிலவற்றுக்குச் சான்றிதழ் இருந்தாலும் அனுமதி இல்லை. பருப்புப்பொடி, புளி, மிளகாய்த்தூளை நான் சிக்கலில்லாமல் கொண்டுவந்திருக்கிறேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் போனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சளி மாத்திரையில் கவனம் தேவை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துக்கு இங்கே தடை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பையில் போடுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் மிக்ஸிக்கு 230 வேண்டும். மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மரை இங்கே வாங்கலாம். ஆனால் 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் பெட்டி வாங்கினால் ஓட ஆரம்பிக்கும்போதே திணறும். நல்ல இடைவெளி விட்டுப் பெரியதாக வாங்குங்கள். ஒரு ஆறுதல்: டோக்கியோவில் நம் ஊரைப் போலவே 50 ஹெர்ட்ஸ். ஒசாகா பக்கம் போனால் 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கி வாங்கினார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை அப்படியே இருக்கிறது.

குடும்பத்தோடு வருகிறவர்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை மூன்றையும் அசலாகக் கொண்டுவாருங்கள். இந்திய நிறுவனம் சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுப்பிவைக்கிறது என்றால், வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லுங்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஐந்து ஆண்டுவரை ஜப்பான் ஓய்வூதியத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெயர்: இதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆவணப் பட்டியல் எதிலும் இது இருக்காது. ஆனால் தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். ஜப்பானில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். அதனால் கிளினிக்கில் "முருகேசன் சாமா" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். அப்பா ஊரில் இருக்கிறார் என்ற நினைப்பில் நாம் உட்கார்ந்தே இருப்போம். மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சிக்கல் கட்டகானா எழுத்து. வெளிநாட்டுப் பெயர்களை இதில்தான் எழுதுவார்கள். ல, ள, ழ, ர, ற ஐந்துக்கும் அதில் ஒரே வரிசை. 'ன்' தவிர வேறு மெய்யெழுத்தில் முடிகிற பெயரின் வாலில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். கார்த்திக் என்பவர் 'காதிக்கு' ஆகிவிடுவார். ஒலி எப்படிப் போனாலும் போகட்டும். எழுத்து மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். என் பெயரை வங்கியில் நெடிலோடு எழுதிக்கொடுத்தேன், அலுவலகத்தில் குறிலோடு எழுதிக்கொடுத்தேன். முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போய்விட்டது. தவறு முழுக்க என்னுடையதுதான்.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் பெயரைச் சொல்லிக் கட்டகானாவில் எழுதி வாங்குங்கள். படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வார்டு அலுவலகம், வங்கி, சம்பளப் பிரிவு, போன் கடை எல்லா இடத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள்.

முதல் 14 நாட்கள்

நீண்ட கால விசாவில் வருகிறவர்களுக்கு நரிதா, ஹனேடா விமான நிலையத்தில் இறங்கியவுடனே குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஸைர்யூ கார்டு என்று பெயர். 16 வயது நிரம்பியவர்கள் வெளியே போகும்போது எப்போதும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி.

வீடு அமர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். குயாகுஷோ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அந்த ஒரு வரி ஏறினால்தான் மற்றதெல்லாம் நகரும். அன்றைக்கே, அதே கட்டடத்தில், முடிக்க வேண்டியவை:

- ஜூமின்ஹியோ எனும் குடியிருப்புச் சான்று இரண்டு படி. ஒன்று 300 யென் ஆகும். வங்கி, அலுவலகம் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.
- மை நம்பர் எனும் அடையாள எண் அட்டைக்கு விண்ணப்பம். 12 இலக்க எண் தபாலில் வரும். இப்போது மருத்துவக் காப்பீட்டு அட்டையின் வேலையையும் இதுவே செய்கிறது.
- நிறுவனக் காப்பீடு இல்லாதவர்கள், மாணவர்கள் உட்பட, தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்வது.
- பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான இலவச மருத்துவ அட்டை. தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

சான்றிதழ்களுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு கேட்பார்கள், தயாராகப் போங்கள். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டால் மதியத்துக்குள் முடியும். திங்கட்கிழமையும் மார்ச் கடைசி வாரமும் வேண்டாம். ஏப்ரலில் இங்கே பள்ளி, வேலை எல்லாம் புதிதாகத் தொடங்குவதால் அப்போது பாதி ஊரே வீடு மாற்றிக்கொண்டிருக்கும்.

முகவரி ஏறியதும் போன். சுற்றுலாப் பயணிகளுக்கான டேட்டா சிம்மை வைத்துக் காலத்தை ஓட்டாதீர்கள். 070, 080, 090 என்று தொடங்கும் பேசக்கூடிய நம்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது கடினம். இந்தியக் கிரெடிட் கார்டை ஏற்காத நிறுவனங்கள் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள்.

அதற்குப் பிறகு வங்கி. அந்நியச் செலாவணி விதிப்படி வந்து ஆறு மாதம் ஆகாதவர் 'வெளியூர்க்காரர்' என்றுதான் கருதப்படுவார். அப்படித் திறக்கும் கணக்கில் பல கட்டுப்பாடுகள் இருக்கும். ஜப்பானில் வேலை செய்கிறவர் என்றால் இந்த ஆறு மாத விதி பொருந்தாது. எனவே வேலைச் சான்றிதழோ நிறுவன அடையாள அட்டையோ இல்லாமல் போகாதீர்கள்.

வேலை மாறினால் 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துணைவர் விசாவில் வந்தவர் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் கூடினாலும் விசா புதுப்பிக்கும்போது சிக்கல்.

வீடு

வாடகையை மட்டும் பார்த்து வீடு தேடாதீர்கள். அட்வான்ஸ் ஒரு மாதம். ரேய்கின் என்று வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்கும் நன்றிப் பணம் ஒரு மாதம். இது திரும்பி வராது. வீடு கொடுத்ததற்கு நாம் ஏன் பணம் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால் தரகர் சிரிப்பார், அவ்வளவுதான். தரகுக் கூலி ஒரு மாத வாடகை, அதன் மேல் வரி. ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம். அப்புறம் தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை. ஒரு லட்சம் யென் வாடகை என்றால் சாவி கைக்கு வருவதற்குள் ஐந்து, ஐந்தரை லட்சம் போய்விடும். இரண்டு ஆண்டு கழித்துப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை.

இதற்கு மாற்று, யூஆர் என்ற அரசு சார்ந்த அமைப்பின் அடுக்ககங்கள். இரண்டு மாத அட்வான்ஸ் மட்டும். ரேய்கின், தரகு, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லை. குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும், கட்டடங்கள் பழையவை, லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத இடங்களும் உண்டு. ஆனாலும் வெளிநாட்டுக்காரர் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் குவிந்திருப்பதற்கு இந்த அடுக்ககங்கள்தான் பெரிய காரணம். என்னைக் கேட்டால் முதல் இரண்டு ஆண்டுக்கு இதுவே போதும்.

எரிவாயு திறக்க ஆள் வருவார். அந்த நேரத்தில் நாம் வீட்டில் இருக்க வேண்டும். சாவி வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே நேரம் குறித்துவிடுங்கள். அடுப்பு வாங்கும்போது நகர எரிவாயுவுக்கானதா, சிலிண்டர் எரிவாயுவுக்கானதா என்று பாருங்கள். மாற்றி வாங்கினால் பயன்படுத்தக் கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

பக்கத்து வீட்டிலும் கீழ்வீட்டிலும் போய் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பிஸ்கட், கைத்துண்டு, எதுவானாலும் சரி. காலை ஆறு மணிக்கு மிக்ஸி ஓடும்போது அந்தப் பொட்டலம் உதவும். அதைவிட ஏழு மணிக்கு மேல் அரைப்பது இன்னும் நல்லது.

குப்பை

விசாவைவிட இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும் என்பேன். வார்டு அலுவலகத்தில் ஒரு காலண்டர் தருவார்கள். உங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று இருக்கும். எரிகிற குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சிப் பொருள் எனப் பிரித்து அன்றன்று காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காகம் கிழித்துவிடும். மேலே போடும் வலையைத் திரும்ப நன்றாக இழுத்து மூடிவிட்டு வாருங்கள்.

தவறாக வைத்தால் அந்தப் பையை மட்டும் விட்டுவிட்டு, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். என் பை அப்படி மூன்று நாள் தெருமுனையில் கிடந்தது. உள்ளே ஊறுகாய் பாட்டில் தெரிந்ததால் யாருடையது என்று யாரும் கேட்கவே இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மூடியையும் மேலே சுற்றிய தாளையும் கழற்றிக் கழுவி நசுக்கி வைப்பது வழக்கம்.

வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எண்ணெயை உறைய வைக்கும் பொடி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே கலந்தால் ஆறியபின் அல்வா மாதிரி கட்டியாக வரும். தோசைத் திருப்பியால் எடுத்து எரிகிற குப்பையில் போடலாம்.

30 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் பெரிய குப்பை. முன்பதிவு செய்து, கடையில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். டிவி, ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் நான்கையும் அதிலும் எடுக்க மாட்டார்கள். மறுசுழற்சிக்குத் தனிக் கட்டணம். நாடு திரும்பும் நண்பர் இலவசமாக ஃபிரிட்ஜ் தருகிறேன் என்று பாசமாகச் சொல்வதன் பின்னணி இது.

சாப்பாடு

இட்லி அரிசி, துவரம் பருப்பு, உறைய வைத்த முருங்கைக்காய் எல்லாம் நிஷி கசாயிலும் ஷின் ஓக்குபோவிலும் உள்ள கடைகளில் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் அங்கே ஓட வேண்டாம். சாதாரணச் சூப்பர் மார்க்கெட்டில் சாத்தோஇமோ என்று இருப்பது நம் சேப்பங்கிழங்குதான். தைகோன் முள்ளங்கி சாம்பாருக்கு அருமையாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் விடும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. மைக்ரோவேவ் பெட்டியில், ஓட்டாமல், மாவுப் பாத்திரத்தோடு ஒரு கோப்பை வெந்நீரையும் வைத்து மூடிவிட்டால் காலையில் பொங்கியிருக்கும்.

சைவர்களுக்கு: பார்க்கக் காயும் தண்ணீருமாக இருக்கும் சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். "நிகு, ஸகானா, தமாகோ தபெமாசென்" என்றால் கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். மீன் சாறு 'மீன்' கணக்கில் வராது என்று அவர்கள் நினைக்கலாம், அதனால் 'தாஷி' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழி பற்றிப் பயம் வேண்டாம். "நான் நாளைக்கு ஆபீசுக்குப் போகிறேன்" என்பதை "வாதாஷி வா அஷிதா காய்ஷா நி இகிமாஸ்" என்று அதே வரிசையில் சொல்லலாம். நம் 'கு' போல 'நி' பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் மலிவான வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்று வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

உடம்பு சரியில்லை என்றால்

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் 7,000 யென்னுக்குக் குறையாமல் தனியாகக் கட்ட வேண்டும். தெருவில் உள்ள கிளினிக்கில் காட்டுங்கள். காப்பீடு போக நாம் தருவது 30 சதவீதம். டோக்கியோவின் 23 வார்டுகளிலும் மேல்நிலைப் பள்ளி வயதுவரை பிள்ளைகளுக்குக் காப்பீட்டில் அடங்கும் சிகிச்சை இலவசம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு இரண்டுக்கும் 119. போலீசுக்கு 110. ஆம்புலன்ஸ் கூப்பிடும் அளவுக்கா என்று குழப்பமாக இருந்தால் #7119-இல் கேட்கலாம்.

இரண்டாவது ஜூன்

முதல் ஆண்டு சம்பளம் நன்றாகவே கைக்கு வரும். இரண்டாம் ஆண்டு ஜூனில் திடீரென்று குறையும். யாரும் தப்பாகப் பிடிக்கவில்லை; அது குடியிருப்பு வரி. ஜனவரி 1 அன்று எந்த ஊரில் இருந்தீர்களோ அந்த ஊர், முந்தின ஆண்டு வருமானத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வாங்கும். ஜனவரி 2-ஆம் தேதி நாடு திரும்பினாலும் கட்டியாக வேண்டும்.

நிலநடுக்கமும் வெள்ளமும்

மாலையில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு கேட்கும். பிள்ளைகள் விளையாட்டை முடித்து வீட்டுக்குப் போகும் நேரம் அது. பேரிடர் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சோதித்துப் பார்க்கும் வேலையும் அதிலேயே நடந்துவிடுகிறது.

எங்கள் எடோகாவா வார்டில் பெரும்பகுதி, கடல் ஏறும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே. 2019-இல் வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். பயமுறுத்த அல்ல, பெருவெள்ளம் வந்தால் வார்டை விட்டே வெளியேறுங்கள் என்று சொல்ல. வார்டு அலுவலகத்தில் அந்த வரைபடத்தை வாங்கி, உங்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீடு தேடும்போதே பார்ப்பது இன்னும் நல்லது.

வாசலருகே ஒரு பை வையுங்கள்: தண்ணீர், டார்ச், காலணி, மருந்து, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் சில்லறை. கட்டிலுக்கு மேலே கனமான அலமாரி வேண்டாம். நிலநடுக்க எச்சரிக்கை வந்து கைப்பேசி கதறினால் மேசைக்கு அடியில் போய்விடுங்கள், வெளியே ஓடாதீர்கள்.

ஆட்டம் நின்றபின் அடுப்பு பற்றவில்லை என்றால் பதற வேண்டாம். ஓர் இடம் எவ்வளவு குலுங்கியது என்று சொல்லும் ஜப்பானிய அளவில் (ரிக்டர் அல்ல) 5 அல்லது அதற்கு மேல் குலுங்கினால் எரிவாயு மீட்டர் தானே மூடிக்கொள்ளும். முதலில் வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சன்னலைத் திறந்துவிட்டு எரிவாயு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் உள்ள எல்லா அடுப்பையும் ஹீட்டரையும் அணைத்துவிட்டு, வெளியே கதவருகே இருக்கும் மீட்டரின் கறுப்பு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே உள்ள பொத்தானை நன்றாக அழுத்தி விடுங்கள். சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். மூன்று நிமிடம் எதையும் திறக்காமல் காத்திருங்கள். சிமிட்டல் நின்றதும் உலையை மறுபடி வைக்கலாம்.